முதியோர் இல்லத்தில் மிஞ்சும் கட்டுப்பாட்டு மருந்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் முதியோர் இல்லம் நடத்துபவர்கள், அங்கே பராமரிப்பு வேலை செய்யும் பிள்ளைகள், பெற்றோரை அங்கே விட்டிருக்கும் குடும்பத்தார் எல்லோரும் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வைத்தியசாலை மருந்தகத்தில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து, அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

வைத்தியசாலை வார்டில், கட்டுப்பாட்டு மருந்துகளைப் பூட்டி வைப்பதற்கென்றே டி.டி.ஏ. அலுமாரி என்று ஒன்று இருக்கும். அதற்குத் தனித் திறப்பு, தனிப் பதிவேடு, பொறுப்புத் தாதி எல்லாம் உண்டு. இல்லங்களில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் மருந்து மட்டும் அதே மருந்துதான்.

கட்டுப்பாட்டு மருந்து எண்டா எது? எல்லாக் குளிசையும் ஒண்டுதானே?

இல்லை. பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, பரசிட்டமோல் எல்லாம் கவனமாகக் கையாள வேண்டியவைதான். ஆனால் அவற்றை யாரும் களவெடுத்து விற்கப் போவதில்லை. நான் இங்கே சொல்வது ஆளை அடிமையாக்கும், அளவு கூடினால் மூச்சை நிறுத்தும், வெளியில் விலைபோகும் மருந்துகளைப் பற்றி. புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மோர்பின், பெத்தடின் ஊசி, பிளாஸ்டர் போலத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் ஒட்டு ஆகியவை முதல் வரிசை. கொடேயின், டிரமடோல் அடுத்தது. நித்திரைக்கும் பதற்றத்துக்கும் தரும் டயசிபாம், குளோனசிபாம், வலிப்புக்குத் தரும் பினோபாபிட்டோன் ஆகியவையும் இதற்குள் அடங்கும்.

பிரிகபலினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தத்தால் கால் எரிகிறது என்பவர்களுக்கு எழுதிக் கொடுப்பது. பல இல்லங்களில் இது சாதாரணக் குளிசைகளோடு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. பிரித்தானியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் இது கட்டுப்பாட்டு மருந்து. எங்கள் பக்கத்தில் போதை மாத்திரையோடு இளைஞர்கள் கைது என்று செய்தி வரும்போது இந்தப் பெயரும் அடிக்கடி அடிபடுகிறது. சட்டத்தில் எந்த அட்டவணையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பூட்டி வையுங்கள்.

ஆள் மோசம்போன அண்டைக்கே மருந்தப் பத்தி யோசிக்க ஏலுமா? எட்டுச் செலவு முடிய மறுகா பாத்துக்கொள்ளலாமே?

இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள மனநிலை எனக்கு விளங்குகிறது. நேற்றுவரை தலை இழுத்துவிட்ட ஒரு அம்மாவின் பிரேதம் உள்ளே கிடக்கும்போது குளிசை எண்ணுவது இரக்கமில்லாத வேலையாகத் தெரியும். ஆனாலும் அன்றைக்கே செய்ய வேண்டும். கட்டுப்பாட்டு மருந்து காணாமல்போவதற்கு மிகவும் வாய்ப்பான நேரம் அதுதான். சொந்தக்காரர் வருவார்கள், பந்தல்காரர் வருவார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள், கட்டிலையும் சாமானையும் வெளியே எடுப்பார்கள். அம்மாவின் பையோடு மருந்தும் போகும். எங்கே போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அன்றைக்குச் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. இரண்டு பேர் சேர்ந்து மருந்தை எண்ணி, எழுதி, ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி, பூட்டிய அலுமாரிக்குள் வைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கே கொண்டுபோவது, எப்படி அழிப்பது என்பதெல்லாம் அடுத்த நாட்களில் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் மருந்துச் சேகரிப்புப் பெட்டி வைத்திருந்தால், ஆள் இறந்தோ மருந்து நிறுத்தப்பட்டோ மூன்று வேலை நாட்களுக்குள் மருந்து அதற்குள் போயிருக்க வேண்டும் என்று 2014இல் விதி வைத்தார்கள். நாங்களும் ஒரு கிழமைக்கு மேல் எதையும் வைத்திருக்காமல் பழகலாம்.

ஆள் இறந்தால் மட்டும்தான் என்றில்லை. வைத்தியர் மருந்தை நிறுத்தினாலும், அளவை மாற்றினாலும், ஆள் வீட்டுக்குப் போனாலும் இதே ஒழுங்குதான்.

எண்ணி எழுதுறதுக்கு என்ன புத்தகம் வேணும்? சும்மா ஒரு கொப்பி காணுமா?

காணும். நூறு பக்கக் கொப்பி ஒன்று எடுத்து, முதலில் எல்லாப் பக்கத்துக்கும் இலக்கம் போடுங்கள். பக்கம் கிழிக்கப்பட்டால் தெரிய வேண்டும். ஒருவருக்கு ஒரு மருந்துக்கு ஒரு பக்கம். மருந்து வந்த நாள், எங்கிருந்து வந்தது, எத்தனை, ஒவ்வொரு முறையும் கொடுத்தது எத்தனை, மிச்சம் எத்தனை, கையெழுத்து. பேனையால் எழுதுங்கள். பிழைத்தால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளை மை பூசக் கூடாது.

கடைசி வரி இப்படி இருக்கலாம்: "மோர்பின் 10 மி.கி. குளிசை. மிச்சம் 23 (இருபத்து மூன்று). ஆள் காலமானதால் நிறுத்தப்பட்டது. உறையில் இட்டு ஒட்டப்பட்டது. எண்ணியவர், பார்த்தவர்." கீழே இரண்டு கையெழுத்து, திகதி, நேரம். எண்ணை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 23ஐ 13 ஆக்க ஒரு பேனை போதும், "இருபத்து மூன்று" என்று பக்கத்தில் இருந்தால் முடியாது.

உறையின் ஒட்டிய வாயின் மேல் குறுக்காக இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அதன் மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். யாராவது திறந்தால் கையெழுத்து உடையும்.

எண்ணியாச்சு. இப்ப இத எங்க கொண்டுபோய்க் குடுக்கிற?

எங்கிருந்து வந்ததோ அங்கே. கிளினிக் கொப்பியைத் திறந்தால் எந்த வைத்தியசாலை என்று இருக்கும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் இருந்து வந்த மோர்பின் என்றால் அந்த வைத்தியசாலையின் மருந்தகம். கல்முனை ஆதார வைத்தியசாலைகளிலோ அம்பாறை பொது வைத்தியசாலையிலோ கொடுத்தது என்றால் அங்குள்ள மருந்தகம். நேரே போய் ஜன்னலில் நீட்டாதீர்கள். முதலில் கோல் எடுத்து, மருந்தகப் பொறுப்பாளரிடம் "முதியோர் இல்லத்தில் இருந்து பேசுகிறோம், இறந்த நோயாளியின் மோர்பின் இருபத்து மூன்று குளிசை மிச்சம் இருக்கிறது, எப்போது கொண்டுவரலாம்" என்று கேளுங்கள். கிளினிக் நாளாக இல்லாமல், கூட்டம் குறைந்த பின்னேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

போகும்போது கிளினிக் கொப்பி, நீங்கள் எழுதிய பக்கத்தின் போட்டோப் பிரதி ஒன்று, இல்லத்தின் கடிதம் ஒன்று எடுத்துப் போங்கள். அவர் முன்னால் உறையைத் திறந்து எண்ண வேண்டும். அந்தப் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் திகதியும் வாங்கி, உங்கள் கொப்பியில் ஒட்டுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

அங்கே சிக்கல் என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் உள்ள உணவு மருந்துப் பரிசோதகரிடம் கேளுங்கள். மட்டக்களப்புக்கு ஒரு பணிமனை. அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களுக்குக் கல்முனையில் தனிப் பணிமனை இருக்கிறது, அம்பாறை நகர் மட்டும் போக வேண்டியதில்லை.

இது வெளி பாமசியில காசு குடுத்து வாங்கினது. அவங்க திருப்பி எடுக்க மாட்டம் எண்டுறாங்க.

காசைத் திருப்பிக் கேட்கிறீர்கள் என்று நினைத்து மறுப்பவர்களே அதிகம். காசு வேண்டாம், அழிப்பதற்காகக் கொண்டு வந்திருக்கிறோம் என்று முதலே சொல்லுங்கள். பாமசியின் பதிவு பெற்ற மருந்தாளர் இருக்கும் நேரத்தில் அவரோடு பேசுங்கள், முன்னுக்கு நிற்கும் பையனோடு அல்ல.

அப்படியும் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். வெளியில் ஒருவர் கொண்டுவரும் கட்டுப்பாட்டு மருந்தைத் தன் கணக்கில் சேர்க்க அவர் பயப்படுவதில் நியாயம் உண்டு. மேலே சொன்ன பணிமனைக்குப் போங்கள்.

கக்கூசுக்குள்ள போட்டு ரெண்டு வாளி தண்ணி ஊத்தினா வேல முடிஞ்சுதானே?

பெரும்பாலும் இணையத்தில் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறார்கள். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் மோர்பின், ஃபென்டனில் போன்ற சிலவற்றை, திருப்பிக் கொடுக்க வழியே இல்லை என்றால் கழிப்பறையில் விடலாம் என்று பட்டியல் போட்டிருப்பது உண்மைதான். அது வீடுகளுக்குச் சொன்னது. ஒரு குழந்தை அதை விழுங்கிச் சாவதை விட இது மேல் என்ற கணக்கு. அதே நாட்டின் சுற்றாடல் நிறுவனம், ஆபத்தான மருந்துக் கழிவுகளைப் பராமரிப்பு இல்லங்களும் வைத்தியசாலைகளும் கழிவுநீரில் விடக் கூடாது என்று 2019இல் தடை போட்டது.

எங்கள் நிலத்தை யோசித்துப் பாருங்கள். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, சாய்ந்தமருது எல்லாம் மணல் தரை. மலசலகூடக் குழிக்கும் குடிக்கிற கிணற்றுக்கும் இடையில் சில வீடுகளில் ஒரு வேலிதான் இருக்கிறது. மாரியில் இரண்டு தண்ணியும் ஒன்றாகிவிடும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். நகரக் கழிவுநீர்த் தொகுதிக்குச் சொன்ன யோசனையை இந்த மணலுக்குக் கொண்டுவராதீர்கள்.

குப்பையோட சேத்து எரிச்சா?

வளவுக்குள் எரிக்கும் நெருப்பு மருந்தை அழிக்கும் அளவு சூடு வராது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி, இரண்டு அறை கொண்ட எரியூட்டியில் குறைந்தது 850 பாகை செல்சியஸ் வேண்டும், இரண்டாவது அறையில் புகை இரண்டு செக்கனாவது நிற்க வேண்டும் என்கிறது. தென்னோலையும் சருகும் போட்டுக் கொளுத்துகிற நெருப்பில் குளிசை அட்டையின் பிளாஸ்டிக்தான் முதலில் எரியும். அந்தப் புகை, இளைப்பு வருத்தத்தோடு படுத்திருக்கும் பத்துப் பேரின் மூச்சுக்குள் போகும். குளிசை பாதி கருகி மண்ணில் கிடக்கும்.

அப்ப கிடங்கு வெட்டித் தாக்கிற? சீமெந்து போட்டுத் தாட்டா நல்லமெண்டும் சொல்றாங்க.

சும்மா தாட்டால் நாய் கிளறும், மழை கரைக்கும். சீமெந்து வழி உண்மையிலேயே இருக்கிறது. மேலே சொன்ன 1999 வழிகாட்டியில் அதற்கு அளவும் உண்டு. பீப்பாயில் முக்கால் பங்கு மருந்தை நிரப்பி, மீதியைச் சீமெந்து, சுண்ணாம்பு, தண்ணீர் ஆகியவற்றை நிறைப்படி 15:15:5 என்று கலந்து ஊற்றி மூட வேண்டும். ஆனால் அது போர், வெள்ளம் போன்ற இடர்களின்போது தொன் கணக்கில் குவிந்த மருந்துக்குச் சொன்னது. அதிலும் கட்டுப்பாட்டு மருந்தை மருந்தாளர் அல்லது பொலிஸ் மேற்பார்வையில்தான் அழிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

இல்லத்து வளவுக்குள் நீங்களாகச் செய்தால், நாளைக்கு "அத்தனை குளிசையும் தாட்டீர்களா, விற்றீர்களா" என்று கேட்பவருக்குக் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதைத்தான் எப்போதும் முதலில் சொல்கிறேன்.

சாதாரணக் குளிசையும் இப்பிடித்தானா? ஒவ்வொண்டுக்கும் வைத்தியசாலைக்கு ஓட ஏலாது.

கட்டுப்பாட்டில் இல்லாத சாதாரணக் குளிசை கொஞ்சம் என்றால் அட்டையில் இருந்து பிரித்து, பாவித்த தேயிலைச் சக்கை, சாம்பல், மண் இதில் ஏதாவது ஒன்றோடு ஈரமாகப் பிசைந்து, மூடியுள்ள போத்தலில் அடைத்துக் குப்பையில் போடலாம். லேபிளில் உள்ள பெயரைக் கிழித்துவிடுங்கள். புற்றுநோய்க்கான குளிசைகளை இப்படிச் செய்யக் கூடாது, அவையும் திரும்பிப் போக வேண்டும்.

மூடியுள்ள போத்தல் என்று சொல்வதை லேசாக எடுக்க வேண்டாம். எங்கள் குப்பை போய்ச் சேரும் இடங்களில் மாடு மேய்கிறது, ஆடு மேய்கிறது. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் வந்து தின்கின்றன. பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்துக்குள் ஏறக்குறைய 20 யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. குப்பை பொறுக்கிப் பிழைக்கும் மனிதர்களும் அதே மேட்டில்தான் நிற்கிறார்கள்.

வலிக்கு நெஞ்சில ஒட்டுற ஒட்டு. பாவிச்சு முடிஞ்சதத் தூக்கி எறியலாம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். ஃபென்டனில் ஒட்டு ஒன்றை மூன்று நாள் ஒட்டியிருப்பார்கள். கழற்றும்போது அது வெறும் பிளாஸ்டர் இல்லை. உள்ளே இன்னும் கணிசமான மருந்து இருக்கும், ஒரு சிறு பிள்ளையின் மூச்சை நிறுத்தப் போதுமான அளவு. அமெரிக்காவில் 15 வருட காலத்தில் பிள்ளைகள் தற்செயலாக இந்த ஒட்டில் அகப்பட்ட 26 சம்பவங்களைப் பற்றி 2012இல் எச்சரித்தார்கள். அதில் 10 பிள்ளைகள் இறந்தன. பெரும்பாலானவை இரண்டு வயதும் அதற்குக் குறைந்தவையும். நிலத்தில் கிடந்ததை எடுத்து வாயில் வைத்தவை, தூக்கி வைத்திருந்தவரின் உடம்பில் இருந்து ஒட்டிக்கொண்டவை.

கையுறை போட்டுக் கழற்றுங்கள். உடனே பசைப் பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, ஓரங்களை அழுத்துங்கள். தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, பூட்டிய அலுமாரிக்குள்ளேயே வையுங்கள். புதியது எத்தனை என்று எழுதுவது போலவே கழற்றியது எத்தனை என்றும் கொப்பியில் எழுதுங்கள். கையில் பட்டால் வெறும் தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும். சவர்க்காரமும் ஸ்பிரிட்டும் மருந்து தோலுக்குள் இறங்குவதைக் கூட்டக்கூடும்.

இறந்தவரின் உடம்பில் ஒட்டு இருக்கிறதா என்று குளிப்பாட்டுவதற்கு முன் பாருங்கள். முதுகு, தோள், மேற்கை. மையித்தைக் குளிப்பாட்ட வருபவர்களுக்கும், பிரேதத்துக்கு உடுப்பு மாற்றும் சொந்தக்காரருக்கும் இது என்ன என்று தெரியாது, வெறுங்கையால் பிடுங்கி மூலையில் போட்டுவிடுவார்கள்.

தப்பித்தவறி ஒரு பிள்ள எடுத்து விழுங்கிட்டா?

1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், காசில்லை. நித்திரை போல மயங்குவது, மூச்சு மெதுவாகப் போவது, கண்மணி ஊசித்துளை போலச் சுருங்குவது ஆகியவை மோர்பின் வகையின் அடையாளங்கள். அடையாளம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். சத்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். ஒட்டு தோலில் இருந்தால் கழற்றிவிடுங்கள். மருந்து அட்டையையும் கொப்பியையும் கூடவே கொண்டுபோங்கள். எத்தனை குறைகிறது என்று கொப்பி சொன்னால் வைத்தியருக்கு அது பெரிய உதவி. மோர்பினுக்கு முறிப்பு மருந்து இருக்கிறது, நேரத்தோடு போனால் காப்பாற்றலாம்.

ஊசி மருந்து பாதி குடுத்து பாதி மிச்சம். பாணி மருந்தும் போத்தலின்ட அடியில கிடக்கு. இதுக்கும் கணக்கா?

இதற்கும் கணக்குத்தான். ஊசி மருந்து கொடுப்பது தாதியோ வைத்தியரோ. உடைத்த குப்பியின் மிச்சத்தை அடுத்த முறைக்கு வைக்க முடியாது. இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க, மிச்சத்தைப் பஞ்சில் உறிஞ்ச விட்டு, பஞ்சோடும் குப்பியோடும் ஊசிப் பெட்டிக்குள் போட்டு, "10 மி.கி. குப்பி, கொடுத்தது 5, அழித்தது 5" என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பேசினில் ஊற்றுவது பழைய பழக்கம், விட்டுவிடுவது நல்லது.

பாணியை அளவுக் குவளையில் ஊற்றி அளந்து, திரும்பப் போத்தலில் விட்டு, மி.லீ. கணக்கு எழுதி, போத்தலோடு திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கரண்டியில் ஒட்டுவதால் சில மி.லீ. குறைவது வழமை. அதையும் உள்ளபடி எழுதுங்கள். கணக்குச் சரியாக வரவேண்டும் என்று எண்ணை மாற்றக் கூடாது.

பாவிக்கக்கூடிய நல்ல மருந்த எறியிறது பாவமில்லையா? அடுத்த கட்டில்ல வலியில துடிக்கிற அம்மாவுக்குக் குடுத்தா என்ன?

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இந்தக் கேள்வியை அழுகையோடு கேட்டார்கள். பாமசி பாமசியாக ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பிய ஒருவருக்கு, முழு அட்டை மோர்பினைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது எவ்வளவு கொடுமையாகக் கேட்டிருக்கும் என்று தெரியும். அப்படியிருந்தும் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இறந்த அம்மா மாதக்கணக்காக மோர்பின் எடுத்தவர், அவருடைய உடம்பு அதற்குப் பழகியது. அவருக்குத் தாங்கிய அளவு, புதிதாகத் தொடங்கும் எழுபது வயதுக்காரியின் மூச்சை நிறுத்தலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்து உடம்பிலேயே தேங்கும், முதல் நாள் நன்றாக இருந்தவர் மூன்றாம் நாள் எழும்பமாட்டார். அடுத்த கட்டில் அம்மாவுக்கு வலி என்றால் அது வைத்தியர் பார்க்க வேண்டிய வலி. கிளினிக் நாள் வரும்வரை வைத்திருக்காமல் அவரைக் கொண்டுபோங்கள், அல்லது வைத்தியரை அழைப்பியுங்கள். அவர் பெயரில் எழுதிய மருந்துதான் அவருக்கு.

நல்ல மனதோடு கொடுத்த மருந்தே சுமையாகிப்போனதும் உண்டு. 1992 முதல் 1996 வரை பொஸ்னியாவுக்கு வந்த மருந்து நன்கொடைகளில் 17,000 மெற்றிக் தொன் ஒன்றுக்கும் உதவாதவை என்று கணக்கிட்டார்கள், அழிக்கவே பெரும் பணம் தேவைப்பட்டது. வீணாகாமல் இருக்க நேர்வழி ஒன்று உண்டு. கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு ஒரு மாத மருந்தை ஒன்றாக எடுக்காமல், ஒரு கிழமை அல்லது இரண்டு கிழமைக்கு எழுதித் தர வைத்தியரிடம் கேளுங்கள். போக்குவரத்துச் சிரமம்தான். ஆனால் மிஞ்சுவது குறையும்.

மகன் வந்து "உம்மாட சாமான் எல்லாம் தாங்க, மருந்தும் தாங்க, எங்கட காசிலதானே வாங்கின" எண்டு நிக்கிறார். குடுக்காம இருக்க ஏலுமா?

உம்மாவின் கண்ணாடி, தஸ்பீஹ், உடுப்பு, சாதாரண மருந்து எல்லாவற்றையும் மரியாதையாகக் கொடுங்கள். கட்டுப்பாட்டு மருந்து மட்டும் வேறு கதை. அது உம்மாவின் பெயரில், உம்மாவுக்காக எழுதப்பட்டது. அவர் மௌத்தான பிறகு அதை வைத்திருக்க யாருக்கும் மருந்துத் துண்டு இல்லை, மகனுக்கும் இல்லை. சேர்க்கும் நாளிலேயே இதை இல்லத்தின் விதிமுறைத் தாளில் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிவைத்தால், துக்க நாளில் வாய்த்தர்க்கம் வராது. மகனையே எண்ணும்போது சாட்சியாகக் கூப்பிடுங்கள். எண்ணிக் கையெழுத்துப் போட்டவர் அதற்குப் பிறகு பெரும்பாலும் கேட்பதில்லை.

வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் இருந்தால் இதையும் சொல்லிவிடுங்கள். நாரி வலிக்கு உதவும் என்று மிச்ச டிரமடோலைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு டுபாய் போனால் அங்கே விமான நிலையத்திலேயே மாட்டலாம். அமீரகத்தில் டிரமடோலும் கொடேயினும் கடுங்கட்டுப்பாட்டில் உள்ளவை.

லண்டனில இருந்து மகள் அனுப்பின வலிக் குளிசை. இங்கத்த துண்டே இல்ல. இத எந்தக் கணக்கில வைக்கிற?

பெட்டியை வாசித்து மருந்தின் பெயரைப் பாருங்கள். லண்டன் பெட்டிகளில் பரசிட்டமோலோடு கொடேயின் கலந்த குளிசைகள் சாதாரணமாக வரும். வந்த நாளிலேயே இரண்டு பேர் எண்ணி, "வெளிநாட்டில் இருந்து குடும்பத்தார் கொடுத்தது" என்று தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இங்குள்ள வைத்தியரிடம் காட்டும்வரை கொடுக்க வேண்டாம். பரசிட்டமோல் ஏற்கெனவே எடுப்பவருக்கு அது இரட்டிப்பாகப் போகும். வேண்டாம் என்று வைத்தியர் சொன்னால் வெளி பாமசி மருந்துக்குச் சொன்ன வழிதான்.

வச்சிருக்கிறதே குற்றமா? பொலிஸ் வந்தா என்ன செய்ற?

உயிரோடு இருப்பவரின் பெயரில் துண்டும் லேபிளும் உள்ள மருந்தை அவருக்காக வைத்திருப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆள் போன பிறகு, பெயர் தெரியாமல், கணக்கில்லாமல் சேர்ந்து கிடப்பதுதான் ஆபத்து. நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டுச் சட்டம். 1984ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் கடுமையாக்கியது. அந்தத் திருத்தத்தின்படி சட்டவிரோதமாக 3 கிராமோ அதற்கு மேலோ மோர்பின் வைத்திருப்பதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். 10 மி.கி. குளிசை 300 சேர்ந்தால் 3 கிராம். ஓர் இல்லத்தில் சில வருடம் யாரும் கவனிக்காமல் விட்டால் அந்த எண்ணிக்கை சேர்ந்துவிடும்.

பொலிஸ் வந்தால் கொப்பியைக் காட்டுங்கள். பக்க இலக்கமும் இரண்டு கையெழுத்தும் வைத்தியசாலை தந்த கையெழுத்தும் உள்ள கொப்பி உங்களுக்காகப் பேசும்.

ராவையில ஒரு பிள்ளதான் வேலைக்கு. ரெண்டு கையெழுத்துக்கு ஆள எங்க தேடுற?

இரவில் மருந்து கொடுப்பவர் ஒற்றைக் கையெழுத்தோடு எழுதட்டும். காலையில் மாறும்போது வருபவரும் போகிறவரும் சேர்ந்து எண்ணி இருவரும் கையெழுத்திடட்டும். வங்கிக் காசாளர் பெட்டியை ஒப்படைப்பது போல, திறப்பு கைமாறும் இடத்தில் எண்ணிக்கையும் கைமாற வேண்டும். இரவில் ஆள் இறந்தால் உறை ஒட்டும் வேலையை மட்டும் விடியும்வரை தள்ளலாம், அதுவரை அலுமாரி திறக்கக் கூடாது. இல்லத்தில் வசிக்கும் முதியவர்களைச் சாட்சிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். பிரச்சினை என்று வந்தால் அவர்களை இழுக்கக் கூடாது.

எண்ணினா நாலு குளிசை குறையுது. ஒரு பிள்ள மேல சந்தேகம். என்ன செய்ற?

முதலில் பெயர் சொல்லாதீர்கள். திரும்ப எண்ணுங்கள், வேறு இருவரை வைத்து. கொடுத்துவிட்டு எழுத மறந்திருக்கலாம், அட்டை இன்னொருவரின் பெட்டிக்குள் போயிருக்கலாம், துப்பிய குளிசை கட்டிலுக்குக் கீழே கிடக்கலாம். அப்படியும் வரவில்லை என்றால் "குறைவு 4 (நான்கு)" என்று உள்ளபடி எழுதி, பொறுப்பாளருக்கு அன்றே சொல்லி, அவர் பணிமனைக்கும் தேவையானால் பொலிஸுக்கும் அறிவிக்க வேண்டும். இல்லத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மறைத்தால் அடுத்த முறை நாற்பது குறையும்.

பராமரிப்பு வேலைக்கு வரும் பெரும்பாலான பெண்பிள்ளைகள் குறைந்த சம்பளத்துக்கு உடம்பு நோக வேலை செய்கிறவர்கள். கொப்பி இல்லாத இல்லத்தில் மருந்து காணாமல்போனால் ஏழைப் பிள்ளை மேல்தான் முதலில் கை நீளும். ஒழுங்காக எழுதிய கணக்கு அந்தப் பிள்ளையையும் காப்பாற்றும். உண்மையாகவே ஒருவர் எடுத்திருந்தாலும், அவர் அடிமையாகி வைத்திய உதவி தேவைப்படுபவராக இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

பழைய பொறுப்பாளர் விட்டுட்டுப் போன ஒரு பெட்டி நிறைய மருந்து கிடக்கு. ஆர்ர எண்டும் தெரியாது. தொடவே பயமாக் கிடக்கு.

பயத்தில் இரவோடிரவாக எறிந்துவிடாதீர்கள், ஒளிக்கவும் வேண்டாம். இன்றைக்கே இரண்டு பேர், முடிந்தால் நிருவாக சபையில் இருந்து மூன்றாவது ஆளும் சேர்ந்து, கையுறையோடு திறந்து, பெட்டி இருந்தபடி ஒரு போட்டோ எடுங்கள். மருந்தின் பெயர், பலம், எண்ணிக்கை, முடிவுத் திகதி, லேபிளில் பெயர் இருந்தால் அதுவும் என்று பட்டியல் எழுதுங்கள். அடையாளம் தெரியாத உதிரிக் குளிசையை "வெள்ளை, வட்டம், அடையாளம் இல்லை, 17" என்று எழுதினால் போதும். அட்டையில் இருந்து எதையும் பிரிக்காதீர்கள்.

பெட்டியை ஒட்டிப் பூட்டிவிட்டு, அடுத்த வேலை நாளே பட்டியலோடு உணவு மருந்துப் பரிசோதகரிடம் போங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், பட்டியலும் போட்டோவும் போதும். வழியில் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல நேரக் கூடாது. அவரே வந்து பார்க்கட்டும், அல்லது கொண்டுவரச் சொல்லி எழுத்தில் தரட்டும். பெரிய அளவு என்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற கழிவு முகாமையாளர் வழியாக அனுப்ப வேண்டிவரலாம். அதற்கு ஆகும் செலவை இல்லத்தின் நிருவாக சபை ஏற்க வேண்டும், பொறுப்பாளர் தன் கையால் கட்டக் கூடாது. பட்டியலின் ஒரு பிரதியில் பரிசோதகரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்து, புதிய கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.